பெயர் போனாலும் தெரு போகாத ரிக்ஸ்டோர்ஃப்

பெர்லினின் இன்றைய நொய்க்கோல்ன் பகுதிக்குப் பழைய பெயர் ரிக்ஸ்டோர்ஃப். அதன் வரலாற்றை 1360இல் தொடங்குவதுதான் வழக்கம். நான் அதற்கும் முன்பாக, மண்ணிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கிராமம் ஏன் இந்த இடத்தில் அமைந்தது, பிற்பாடு ஏன் இவ்வளவு வேகமாக நகரமாக மாறியது என்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை மண்ணில்தான் கிடக்கிறது.

பெர்லினின் நடுப்பகுதி ஒரு அகலமான பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்த காலத்தில் உருகி ஓடிய நீர் அரித்துவிட்டுப் போன இடம் அது. இன்று ஸ்ப்ரே ஆறு அதற்குள் ஓடுகிறது. பள்ளத்தாக்கின் தெற்கே டெல்டோ என்ற மேட்டுநிலம். இரண்டுக்கும் இடையிலான சரிவின் அடிவாரத்தில் ரிக்ஸ்டோர்ஃப் இருக்கிறது. மேலே உழவுக்கு ஏற்ற உலர்நிலம், கீழே மாடு மேய ஈரப் புல்வெளி. ஊர் அமைக்க வந்தவர்கள் வேறு எதைத் தேடியிருப்பார்கள்? இன்றும் கார்ல் மார்க்ஸ் சாலையிலிருந்து ஹெர்மான் சாலைக்குப் போவதென்றால் மேடேறித்தான் போகவேண்டும். டெல்டோ எங்கே ஆரம்பிக்கிறது என்பது இந்தப் பகுதியில் மிதிவண்டி ஓட்டுகிற எல்லோருடைய முழங்காலுக்கும் தெரியும்.

அந்தச் சரிவு முழுக்க மணலும் சரளையும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிய குழிகளில் மாமூத் யானை, கம்பளிக் காண்டாமிருகம் போன்ற பனியுக விலங்குகளின் எலும்புகள் வந்துகொண்டே இருந்தன. எலும்புகள் கிடந்த சரளைப் படிவத்துக்கே நிலவியலாளர்கள் 'ரிக்ஸ்டோர்ஃப் அடுக்கு' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு அந்தப் பெயர் போய் நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நிலவியல் நூல்களில் மட்டும் அந்தப் பெயர் ஊன்றி நிற்கிறது.

சரி, 1360க்கு வருவோம். இந்தப் பகுதி முதலில் டெம்ப்ளர் என்ற போர்த்துறவியர் அமைப்பின் கையில் இருந்தது. பக்கத்திலுள்ள டெம்பெல்ஹோஃபின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான். 1312இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. சொத்துகள் இன்னொரு துறவியர் அமைப்பான ஜொஹானிட்டர்களிடம் போயின. இங்கே அவர்களுக்கு இருந்த பண்ணையை 1360 ஜூன் மாதத்தில் ஆவணம் எழுதிக் கிராமமாக மாற்றினார்கள். அன்றைய பெயர் ரிச்சர்ட்ஸ்டோர்ப். 1435இல் அவர்கள் இந்தக் கிராமத்தையும் சுற்றியிருந்த மற்ற ஊர்களையும் பெர்லின், கோல்ன் என்ற இரட்டை நகரங்களுக்கு விற்றார்கள். அந்தக் கோல்னும் ரைன் நதிக்கரையில் இருக்கும் பெரிய கோல்ன் நகரமும் வேறு வேறு. இது ஸ்ப்ரே ஆற்றின் தீவில் இருந்த சிறு ஊர். அதன் பெயரைத்தான் பிற்பாடு ரிக்ஸ்டோர்ஃப் சுமக்க நேர்ந்தது.

அன்றைய கிராமத்தின் வடிவம் இன்றும் அப்படியே இருக்கிறது. பெர்லினைச் சுற்றியிருந்த பழைய ஊர்கள் பலவற்றில் நடுவே ஒரு நீண்ட பொது வெளி இருக்கும். இரண்டு முனையும் குறுகி, நடுவில் அகன்று, கதிர்க்கோல் போன்ற வடிவம். நம் ஊர் மந்தைவெளியை நினைத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றிப் பண்ணை வீடுகள். ஓரத்தில் தேவாலயம். ஒரு குளம், ஒரு கொல்லன் பட்டறை. ரிக்ஸ்டோர்ஃபில் அந்த வெளியின் இன்றைய பெயர் ரிச்சர்ட் சதுக்கம். சதுக்கம் என்று பெயர் இருந்தாலும் சதுரமாக இல்லை, மந்தையாகத்தான் இருக்கிறது. குளம் போய்விட்டது. பட்டறை நிற்கிறது. வயல்கல்லால் எழுப்பிய 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் நிற்கிறது. சுற்றிலும் ஐந்து மாடிக் கட்டடங்கள் எழுந்த பிறகும் யாரும் அந்த வளைவை நேராக்கவில்லை.

இதுவரை சொன்னது பெர்லினைச் சுற்றியிருந்த பல கிராமங்களுக்கும் பொருந்தும். ரிக்ஸ்டோர்ஃபின் தனிக்கதை 1737இல் ஆரம்பிக்கிறது.

அதற்குப் பின்னணி பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. மார்ட்டின் லூத்தருக்கு நூறு வருடம் முன்பே, பிராகா நகரின் பெத்லகேம் ஆலயத்தில் செக் மொழியில் பிரசங்கம் செய்த ஜான் ஹுஸ் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழி வந்தவர்கள், திருவிருந்தில் அப்பத்தோடு கிண்ணமும் பாதிரியாருக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் தரப்பட வேண்டும் என்றார்கள். கிண்ணமே அவர்களுடைய அடையாளமானது. 1620இல் பிராகாவுக்கு வெளியே வெண்மலைப் போரில் புரட்டஸ்தாந்துப் படை தோற்றதும், ஹாப்ஸ்பர்க் அரசு பொஹீமியா முழுவதையும் மீண்டும் கத்தோலிக்கமாக்க இறங்கியது. கல்வியாளர் கொமேனியஸ் நாட்டைவிட்டு ஓடி, கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் 1670இல் இறந்தார். ஓட முடியாதவர்கள் நூறு வருடம் வீட்டுக்குள் ரகசியமாக வேதம் படித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பதினெட்டாம் நூற்றாண்டில் இரவோடு இரவாக எல்லை தாண்டி சாக்சனி பக்கம் வந்தார்கள். அங்கேயும் நிலைக்க முடியாமல் பெர்லின் வந்து சேர்ந்தார்கள்.

பிரஷ்யாவின் அரசர் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் மென்மையான மனிதர் அல்ல. படையும் கருவூலமும்தான் அவர் உலகம். ஆனால் போரிலும் கொள்ளைநோயிலும் ஆளிழந்த தன் நாட்டுக்கு உழைக்கும் கைகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1732இல் சால்ஸ்பர்கிலிருந்து துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்துகளை ஆயிரக்கணக்கில் ஏற்றுக்கொண்டவர் அவர்தான். ரிக்ஸ்டோர்ஃபில் ஊர்த்தலைவரின் பண்ணையை வாங்கி, 18 பொஹீமியக் குடும்பங்களைக் குடியேற்றினார். வீடு, களஞ்சியம், உழவு நிலம், மாடு, குதிரை, ஏர்ச்சாமான் எல்லாம் கொடுத்தார். படைக்கு ஆள் பிடிப்பதிலிருந்தும் விலக்குக் கொடுத்தார். படைக்காகவே வாழ்ந்த ஒரு அரசர் கொடுத்த விலக்கு அது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

புதியவர்களின் வீடுகள் பழைய மந்தையைச் சுற்றி வரவில்லை. சற்று வடக்கே, இன்றைய ரிச்சர்ட் தெருவில் வரிசையாக அமைந்தன. தெருவைப் பார்த்து வீடு, பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் களஞ்சியம், தோட்டம். பின்பக்கத்தில் ஓடும் சந்துதான் இன்றைய கிர்ஷ்காஸ்ஸே. இப்படியாக ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் பக்கத்துப் பக்கத்தில் உருவாயின: ஜெர்மன் ரிக்ஸ்டோர்ஃப், பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃப். ஊர்த்தலைவர் வேறு, மொழி வேறு, வழிபாடு வேறு. பொஹீமியர்களுக்குள்ளேயே மூன்று சபைகள்: லூத்தரன், சீர்திருத்தச் சபை, ஹெர்ன்ஹூட் சகோதர சபை.

மூன்றாவதாகச் சொன்ன சபையை நாம் மொரேவிய சபை என்ற பெயரில் அறிவோம். அதற்கும் தமிழ்நாட்டுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. சாக்சனியில் 1722இல் தன் நிலத்தில் மொரேவிய அகதிகளுக்கு இடம் கொடுத்து ஹெர்ன்ஹூட் ஊர் உருவாகக் காரணமான சின்சென்டோர்ஃப் பிரபு, சிறுவயதில் ஹாலே நகரப் பள்ளியில் படித்தவர். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய பணிக்குப் பின்பலமாக இருந்தது அதே ஹாலேதான். தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த பையன் அவர். பிற்பாடு 1760இல் ஹெர்ன்ஹூட் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கே வந்து, ஊருக்குப் பக்கத்தில் 'சகோதரர் தோட்டம்' என்ற குடியிருப்பை அமைத்து, நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்யப் பார்த்தார்கள். காய்ச்சலில் பலர் இறந்தார்கள், அந்த முயற்சி நிலைக்கவில்லை. கிர்ஷ்காஸ்ஸேயில் அந்தச் சபையின் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தரங்கம்பாடிக் கடற்கரை நினைவுக்கு வரும். ஒரே சபையின் ஒரு கிளை இங்கே வேர் பிடித்தது, இன்னொன்று அங்கே காய்ந்துபோனது.

கிர்ஷ்காஸ்ஸேயில் பார்க்கவேண்டிய கட்டடம் 1753இல் எழுந்த பழைய பள்ளிக்கூடம். கூரை முகப்பில் அதே கிண்ணம் பொறித்திருக்கிறது. இப்போது அது அந்தப் பொஹீமியக் கிராமத்தின் சிறிய அருங்காட்சியகம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கல்லறைத் தோட்டம். ஹெர்ன்ஹூட் பகுதியில் எல்லாக் கல்லும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. பணக்காரருக்கு உயரமான கல், ஏழைக்குச் சின்னக் கல் என்ற பேச்சே கிடையாது. பழைய கற்களில் எழுத்து செக் மொழியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழி வழிபாட்டிலிருந்தும் வீட்டிலிருந்தும் மெல்ல மறைந்தது. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. யான்ஸா தெரு, நீமெட்ஸ் தெரு, வன்ஸ்லிக் பாதை என்று இன்றைய தெருப் பலகைகளில் இருப்பவை அந்தக் குடும்பங்களின் பெயர்கள்தான்.

1849 ஏப்ரலில் பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃப் தீப்பிடித்து ஏறக்குறைய முழுதும் எரிந்தது. இன்று நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியவை. ஆனால் அதே மனையில், அதே எல்லைக்குள் கட்டினார்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூரை எரியும், சுவர் இடியும். மனையின் நீள அகலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதுதான் ஒரு தெருவைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோகிறது.

அப்புறம் நகரம் வந்தது. 1872இல் பெர்லினின் வட்ட ரயில் பாதையில் ரிக்ஸ்டோர்ஃப் நிலையம் திறந்தது. 1874இல் இரண்டு ரிக்ஸ்டோர்ஃபும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பெர்லின் ஆலைகளுக்கு வேலை தேடி வந்த சைலீசிய, பொமரேனிய ஏழைகளுக்கு நகருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. எல்லைக்கு வெளியே, ரயில் இருக்கிற ரிக்ஸ்டோர்ஃபுக்கு வந்தார்கள். சரிவில் மணலும் சரளையும் தோண்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்திலேயே கட்டடங்கள் எழுந்தன. தெருவைப் பார்த்து ஒரு கட்டடம், பின்னால் இருண்ட முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம், இன்னொரு முற்றம். ஒரு அறையில் ஒரு குடும்பம். படுக்கையை மட்டும் இரவு வாடகைக்கு எடுத்துப் படுத்தவர்களும் உண்டு.

பிரஷ்யாவின் மிகப் பெரிய கிராமம் என்று ரிக்ஸ்டோர்ஃபைச் சொன்னார்கள். அது பெருமைக்குச் சொன்ன பேச்சு அல்ல. பல பத்தாயிரம் பேர் வாழும் இடத்துக்குச் சட்டப்படி இன்னும் கிராம நிர்வாகம்தான் இருந்தது. 1899இல்தான் நகர உரிமை கிடைத்தது. 1900இல் சுமார் 90,000 பேர். பத்தே வருடத்தில், 1910இல், 2,37,000 பேர். அவ்வளவு பேருக்கும் சாக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை கட்டவேண்டும். பணக்காரர்கள் வாழ்ந்த ஷார்லொட்டன்பர்க் போன்ற பக்கத்து நகரங்களுக்கு வரி வருமானம் இருந்தது. தொழிலாளிகள் மட்டுமே வாழ்ந்த ரிக்ஸ்டோர்ஃபுக்கு அது இல்லை.

ஆனால் ஊரின் பெயர் கெட்டதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. மேட்டுப்பக்கமும் சுற்றுவட்டாரமும் பீர் தோட்டமும் நடனக்கூடமுமாக நிறைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை பெர்லின்காரர்கள் கூட்டமாக ஆட வந்தார்கள். ரிக்ஸ்டோர்ஃப் என்றாலே கும்மாளம், அடிதடி என்று ஆகிவிட்டது, அதை வைத்துப் பாட்டும் பிறந்தது. நகரத்தின் மேல்தட்டினருக்கு இது பெரிய அவமானம். வாழும் ஊரின் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று பெயரையே மாற்ற முடிவு செய்தார்கள். 1912 ஜனவரி 27, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பிறந்தநாள். அன்று ரிக்ஸ்டோர்ஃப் நொய்க்கோல்ன், அதாவது 'புதிய கோல்ன்' ஆனது.

அதே 1912இல் இன்னொன்றும் நடந்தது. பொஹீமியர்கள் வந்து 175 வருடம் ஆனதற்காக, அவர்களுடைய சந்ததியினர் கிர்ஷ்காஸ்ஸேயின் முனையில் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்குச் சிலை வைத்தார்கள். இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட பொஹீமியர்களின் நன்றியுள்ள சந்ததியார் என்று பீடத்தில் பொறித்தார்கள். மந்தையோரப் பழைய தேவாலயத்துக்கும் அந்த வருடமே பெத்லகேம் ஆலயம் என்று பெயர் வந்தது, ஹுஸ் பிரசங்கித்த பிராகா ஆலயத்தின் நினைவாக. ஒரே வருடத்தில் நகர்மன்றம் தன் ஊரின் பழைய பெயரைத் தூக்கி எறிகிறது. அகதிகளின் கொள்ளுப்பேரர்கள் அதே ஊரில் தாங்கள் வந்து இறங்கிய நாளைக் கல்லில் எழுதுகிறார்கள். ஊரின் மேல் யாருக்கு அதிகப் பிடிப்பு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

பெயர் மாற்றம் ஒருவருடைய வாடகையையும் குறைக்கவில்லை. ஊரை உண்மையில் மாற்றியது கட்டடக் கலைஞர் ரைன்ஹோல்ட் கீல் செய்த வேலை. நகர்மன்றக் கட்டடம், பள்ளிகள், 1914இல் திறந்த பொதுக் குளியலகம் எல்லாம் அவர் கைவண்ணம். வீட்டில் குளியலறையே இல்லாத தொழிலாளர்களுக்காகத் தூண்களும் பளிங்கும் வைத்து, ரோமானியக் குளியல் மண்டபம் போல நீச்சல்குளம் கட்டினார். ஏழைக்கு இது போதும் என்று நினைக்காத அந்த மனசுக்கு நான் தலைவணங்குகிறேன். அதே காலத்தில் ஃப்ரான்ஸ் கோர்னர் என்பவர் தன் சரளைக் குழியை, தன் பெயரில் பூங்கா அமைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நகரத்துக்குக் கொடுத்தார். தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில், நீரூற்றும் பழத்தோட்ட மண்டபமுமாக ஒரு அரண்மனைத் தோட்டம் போல இருக்கிறது கோர்னர் பூங்கா. அதன் பக்கத்தில் 1912இல் குதிரையோடு புதைக்கப்பட்ட ஒரு வீரனின் கல்லறை கிடைத்தது. அது கிராமம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தையது.

1920இல் நொய்க்கோல்ன் பெர்லினோடு இணைக்கப்பட்டது. பிரிட்ஸ், புக்கோ, ரூடோ என்ற கிராமங்களும் சேர்ந்து ஒரே வட்டமாகின. பிறகு போர், குண்டுவீச்சு. ஹெர்ன்ஹூட் சபையின் கூடம் அழிந்தது, 1960களில் திரும்பக் கட்டினார்கள். பெர்லின் சுவர் எழுந்ததும் நொய்க்கோல்ன் மேற்கு பெர்லினின் விளிம்பானது. வசதி உள்ளவர்கள் கிளம்பினார்கள். துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் பின்னர் லெபனான் போரிலிருந்து தப்பியவர்களும் அந்த வீடுகளுக்கு வந்தார்கள். 1970களில் பழைய அடுக்குக் குடியிருப்புகளை இடிப்பதுதான் முன்னேற்றம் என்று கருதினார்கள். ரிச்சர்ட் தெருவில் முற்றம் முற்றமாக உள்ளே போய்க்கொண்டிருந்த 'ரிச்சர்ட்ஸ்பர்க்' 1971இல் தரைமட்டமானது. காலி மனையில் 1990களில் கொமேனியஸ் தோட்டம் அமைந்தது. மனித வாழ்க்கையைக் கருவறையிலிருந்து கல்லறைவரை பள்ளிகளாகப் பிரித்துப் பார்த்த அவருடைய சிந்தனையை ஒட்டி, பாதையைப் போட்டு மரங்களை நட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் துருக்கிய, அரபுப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம்.

இந்த வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. 1980களின் நடுவில் இலங்கைத் தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டார்கள். ஷோனெஃபெல்ட் நொய்க்கோல்ன் வட்டத்தின் தெற்கு எல்லையை ஒட்டியே இருக்கிறது. 1737இல் வந்தவர்களுக்கு வீடும் நிலமும் ஏரும் கிடைத்தன. 1980களில் வந்தவர்களுக்கு வருடக்கணக்கில் வேலைத் தடையும், ஒதுக்கிய இடத்தைவிட்டு வெளியே போகக் கட்டுப்பாடும் கிடைத்தன. அரசர் நல்லவர், குடியரசு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அரசருக்கு உழவர்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வந்தவனுக்குக் காலூன்ற ஒரு துண்டு மண் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கிர்ஷ்காஸ்ஸே காட்டுகிறது. அவன் அந்த ஊரைத் தன் ஊராகக் காப்பாற்றுகிறான். நம்மவர்கள் அந்த மண்ணைத் தங்கள் உழைப்பிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிட்ஸில் 2013இல் குடமுழுக்குக் கண்ட மயூரபதி முருகன் கோவில் அப்படி எழுந்ததுதான்.

இப்போது ரிக்ஸ்டோர்ஃப் என்ற பெயர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கெட்ட பெயர் இன்று நொய்க்கோல்னுக்கு. வீட்டு விளம்பரத்தில் 'பழைய ரிக்ஸ்டோர்ஃபின் நடுவே' என்று போட்டால் வாடகை ஏறுகிறது. ரிச்சர்ட் சதுக்கத்தைச் சுற்றிப் பல வருடங்களாக வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். எனக்கு அது கோபத்தைத் தருகிறது. மந்தையின் அழகைக் காட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்த அழகு தங்கியதற்குக் காரணமான எளிய மனிதர்களுக்கு இனி இங்கே இடமிருக்காது போல.

பார்க்க விரும்புகிறவர்கள் யூ-7 சுரங்க ரயில் பாதையில் கார்ல் மார்க்ஸ் சாலை நிலையத்தில் இறங்கி, கிழக்கே ரிச்சர்ட் சதுக்கம் வழியாகக் கிர்ஷ்காஸ்ஸேக்குள் போங்கள். டிசம்பரில் வந்தால், இயேசு பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் இரண்டாவதை ஒட்டி மந்தையில் சந்தை போடுவார்கள். கடை வைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டு அமைப்புகளும் அக்கம்பக்கத்துச் சங்கங்களும்தான். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நல்ல நெரிசல் இருக்கும், ஆகவே பகலிலேயே ஒருமுறை தெருக்களைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நேரம் மிச்சமிருந்தால் கார்ல் மார்க்ஸ் சாலையைக் கடந்து மேற்கே கோர்னர் பூங்கா வரைக்கும் நடந்துவிடுங்கள். மேடு அங்கேதான் தொடங்குகிறது.